மூன்று தரம் கூப்பிட்ட ஆத்மநாதன்

டவாலி ஆத்மநாதனுக்கு ஆண்டவன் கொடுத்தது ஒரே ஒரு தொண்டை. புத்தி கொடுக்க மறந்துவிட்டான், ஈரம் கொடுக்க மறந்துவிட்டான். இதையாவது கொடுத்து அனுப்புவோம் என்று கடைசி நேரத்தில் அவசரமாகத் திணித்துவிட்டான் போலிருக்கிறது. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவன் இருபத்திரண்டு வருஷம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு முனிசீப் கோர்ட்டில் சோறு தின்றான். எந்த ஊர்க் கோர்ட்டு என்று கேட்க வேண்டாம். அந்த ஊரில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள்.

டவாலி என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, பட்டையில் ஒரு பித்தளை வில்லை, தலையில் பாகை. அவ்வளவுதான். முனிசீப் உள்ளே உட்கார்ந்து காகிதக் கட்டைப் பிரித்ததும், இவன் தாழ்வாரத்துக்கு வந்து வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மூன்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரத்துக்குள் வாதி வந்து நிற்காவிட்டால் வழக்குத் தள்ளுபடி. ஆக, ஒருத்தருடைய காடும் வீடும் சில சமயம் இந்த ஆளின் மூச்சில் தொங்கிக்கொண்டிருக்கும். அது தெரிந்த நாள் முதல் அவன் நடையே மாறிப்போயிற்று. கழுத்தை ஒட்டகம் மாதிரி வைத்துக்கொண்டு நடப்பான்.

அந்த வேலை கிடைத்த கதையும் ஒரு கதைதான். நார்த்தாமலைத் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்கள் ஒரு பக்கமாக இழுத்துவிட்டார்கள். தேர் சாயப் பார்த்தது. வேப்பமரத்துக் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆத்மநாதன், "நிறுத்துங்கப்பா" என்று ஒரு சத்தம் போட்டான். கொட்டு, அதிர்வேட்டு, சனக்கூச்சல் எல்லாவற்றையும் தாண்டி அது போய் விழுந்தது. வடம் நின்றது. கூட்டத்தில் இருந்த சிரஸ்தார், கோர்ட்டின் தலைமைக் குமாஸ்தா, அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆளை மனதில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே பட்டை கட்டிவிட்டார். நாலு பேர் உயிரைக் காப்பாற்றிய அந்தச் சத்தம்தான் அவன் தொண்டை செய்த ஒரே புண்ணியம். அதையும் அவன் மரத்தைவிட்டு இறங்காமல் செய்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு அந்தத் தொண்டைக்குள் ஒரு வரிசை முளைத்தது. மிராசுதார் பெயர் என்றால் நெஞ்சை நிமிர்த்தி, வாயை அண்டா மாதிரி திறந்து, முடிவில் ஒரு இழுப்பும் இழுத்துக் கூப்பிடுவான். கடைவீதியில் நிறுத்தியிருக்கும் வண்டிமாடு காதைத் தூக்கும். கடைக்காரர், கணக்குப்பிள்ளை என்றால் தாழ்வாரத்தோடு நிற்கும். கூலிவேலை செய்கிறவர்கள் பெயர் வந்தால் தன் தோள்துண்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிடுவான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் அவனை மிரட்டவும் இல்லை. பெரிய மனிதர்கள் பெயரைக் கத்திய வாயால் ஒரு நாற்று நடுகிறவள் பெயரையும் கத்தினால், அந்த முதல் பெயரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவனுக்கே ஒரு எண்ணம். நல்ல பாத்திரத்தில் பழையதை ஊற்றலாமா என்கிற மாதிரி.

ஒரு மத்தியானம் சிரஸ்தார் சும்மா இருக்க மாட்டாமல், "ஒன் வேலைக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தெரியுமாடா? கிரையர். கிரை பண்ணுறவன் கிரையர்" என்று சொல்லிவைத்தார். வந்தது வினை. வக்கீல் குமாஸ்தா, போஸ்ட் ஆபீஸ்காரர், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று இங்கிலீஷ் தெரிந்த ஒருவரை விடாமல் பிடித்து, அந்த வார்த்தைக்கு என்ன என்ன அர்த்தம் என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டான். சவரம் செய்துகொள்ளும்போதுகூட அதைப்பற்றியே பேசுவான். கத்தி பிடித்தவர் பாவம், எங்கே ஓடுவார்.

வீட்டில் அவன் மனைவி சொர்ணவல்லி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னமோ கிரை கிரைங்கிறீங்களே, அப்புடின்னா என்னாங்க?"

"சத்தம் போட்டுக் கூப்பிடுறதுக்குப் பேரு கிரை. புள்ளை அழுகுதுல்ல, அதுவும் கிரை. காட்டுல நரி ஊளை விடுதே, அதுவும் கிரைதான். தெருவுல உப்பு விக்கிறவன் கூவிக்கிட்டுப் போறான் பாரு, அதுக்கும் அதே வார்த்தை. பெரிய வார்த்தைடி அது. எல்லாத்தையும் வச்சுக்கும்."

"அப்ப உப்புக்காரரும் கிரையருங்களா?"

"அது தெருக் கிரை. நம்மளது சர்க்கார் கிரை."

"நரி?"

அவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான். சொர்ணவல்லி விடவில்லை. "எதுக்குக் கேட்டேன்னா, நரிக்கு ஆள் பாத்துக் கத்தத் தெரியாதுல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு மோரை எடுத்துவர உள்ளே போனாள்.

முனியாயி அந்தக் கோர்ட்டுக்கு வந்தது முப்பத்தாறாம் வருஷம், தை கழிந்து மாசியில். பத்து மைல் நடந்து வந்தாள். அவளுக்கென்று இருந்தது கண்மாய்க்குக் கீழே ஒரு துண்டு வயல். அவள் புருஷன் மதுரைவீரன் கட்டாந்தரையை வெட்டித் திருத்தி வயலாக்கியது. அந்த மனிதன் காய்ச்சலில் போன மறுவருஷமே, பக்கத்து வயல்காரர் ஆவுடையப்பன் நடுவில் இருந்த வரப்பை வெட்டிச் சரித்துத் தன் ஏரை ஓட்டிவிட்டார். வரப்புப் போனால் வயல் போனது மாதிரிதான். ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் வீட்டுக் களத்தில் எல்லோருக்கும் வேலை இருந்தது. முனியாயி மனு எழுதுகிறவரைப் பிடித்து எழுதிப் போட்டுவிட்டாள். வக்கீல் வைக்க வழியில்லை. வயல் அவளுடையதுதான் என்று சொல்ல இரண்டு கிழவர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டதெல்லாம் அந்த வரப்பு மறுபடி அதே இடத்தில் வர வேண்டும் என்பதுதான்.

வழக்கு எடுக்கிற அன்று காலையில் வந்து தாழ்வாரத்துத் தூண் ஓரமாக நின்றாள். ஆத்மநாதன் வந்தான்.

"ஏய், இங்கன என்ன நிப்பு? அங்கிட்டுப் போ. கெணத்துக்கு அங்கிட்டுப் புளியமரம் இருக்குல்ல, அங்க போய் இரு."

"பேரு கூப்பிட்டா கேக்குங்களா?"

"கூப்பிடுறது நானு. கேக்காம எங்க போகும்?"

அவள் போனாள். அந்தப் புளியமரத்தடியில் அவளைப் போல இருபது பேர் இருந்தார்கள். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் பெயர் முழங்கியது. புளியமரத்துக் காக்காய் பறந்தது. தன் பெயரும் அதோடு வரும் என்று காதை நீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. பொழுது உச்சிக்கு ஏறி, கோர்ட்டு சாப்பாட்டுக்கு எழுந்தபோது அவள் வந்து கேட்டாள்.

"என் பேரு எப்பங்க வரும்?"

"அது அப்பவே முடிஞ்சுபோச்சு. மூணு தரம் கூப்பிட்டேன். நீ வரலை. தள்ளுபடி."

"நீங்க கூப்பிடலைங்களே."

ஆத்மநாதனுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒருத்தி, கையில் மூங்கில் தடியும் இடுப்பில் சுருக்குப்பையுமாக வந்து, தன் தொண்டையைப் பார்த்து அப்படிச் சொல்கிறாள். "காதுல கம்பங்கொல்லையா வச்சிருக்கே? போ போ" என்று கையை வீசினான். அவள் போகவில்லை. கோர்ட்டு வாசலிலேயே நின்றாள். அழுதிருந்தால் அவன் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பான். அவள் அழவில்லை. அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள், சந்தையில் பல் விழுந்த மாட்டைப் பார்க்கிற மாதிரி.

தாழ்வாரத்துக் கோடியில் ரெங்கராஜ் என்று ஒரு சின்ன வக்கீல் இருந்தார். வழக்கு ஒன்றும் வராததால் காலை முதல் சாயங்காலம் வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து வந்தார்.

"ஆத்தா, ஒங்க பேரு முனியாயியா? பத்தடி தள்ளி இருந்த எனக்கே பாதிதான் விழுந்துச்சு. முனின்னு ஆரம்பிச்சாரு, மிச்சத்தை முழுங்கிட்டாரு. வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாம், வாங்க."

"பீசு கட்ட வழியில்லைங்களே."

"நானும் சும்மாதானே இருக்கேன். வாங்க."

மனு விசாரணைக்கு வந்த அன்றைக்குக் கோர்ட்டில் நல்ல கூட்டம். டவாலியையே கூண்டில் நிறுத்தப் போகிறார்கள் என்று ஊருக்குள் தெரிந்துவிட்டது. முனிசீப் புதிதாக வந்தவர், நிதானமான மனிதர். ஆவுடையப்பன் முன்வரிசையில் அங்கவஸ்திரத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனியாயிக்கு இந்த ஒரு மனுதான். இது போனால் வயல் ஒரேயடியாகப் போனது.

ஆவுடையப்பனின் வக்கீல் எழுந்தார். "வழக்குக் கட்டுல 'கிரைட்'னு, கூவியாச்சுன்னு எழுதியிருக்குங்க. மூணு தரம்னு போட்டிருக்கு. அந்தம்மா மரத்தடியில தூங்கியிருக்கும். அதுக்குக் கோர்ட்டு என்ன செய்யும்?"

"நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு நான் கோழியாங்க?" என்றாள் முனியாயி.

சிரிப்பு அடங்கியதும் ரெங்கராஜ் பேசினார். "எழுதினது ஒரு வார்த்தை. நடந்தது அந்த வார்த்தைதானாங்கிறதைப் பாக்கணும். வாய்க்குள்ள முணுமுணுத்தா அதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கு. அகராதியைப் பாக்கும்படி கேட்டுக்கிறேன்."

முனிசீப் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துவரச் சொன்னார். தலையணை மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஆபத்து வந்தால் உதவிக்கு உரக்கக் கூவுவது. வேதனையில் கண்ணீர் விட்டு அழுவது. தெருவில் சரக்கின் பெயரைக் கூவி விற்பது. வேட்டை நாய்கள் கூட்டமாகக் குரைப்பது. அரசாங்க உத்தரவை நாலு பேர் அறியச் சொல்வது. போய்க்கொண்டே இருந்தது.

கூண்டில் நின்ற ஆத்மநாதனுக்கு உடம்பு பூரித்துவிட்டது. தன் வார்த்தைக்கு ஒரு பக்கம் முழுக்க இடம் இருக்கிறது. முனிசீப்பே வாய்விட்டுப் படிக்கிறார். ஊரே கேட்கிறது. இதெல்லாம் தனக்கு நடக்கிற மரியாதை என்றே நினைத்து, பித்தளை வில்லையைத் துண்டின் நுனியால் ஒருதரம் துடைத்துக்கொண்டான். எதற்காகத் தன்னைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு அந்த நிமிஷம் மறந்தே போனது. இப்படியும் ஒரு பிறவி.

முனிசீப் அகராதியை மூடினார். "அழுகையோ, வியாபாரமோ, நாயோ, எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. தூரத்துல இருக்கிறவன் காதுல விழணும். விழாத சத்தத்துக்கு இந்த வார்த்தை கிடையாது. சரி, பாத்துடலாம்."

பெஞ்சு கிளார்க் ராமுவைப் புளியமரத்தடிக்கு அனுப்பினார். எதிர் வக்கீலின் குமாஸ்தாவும் கூடப் போனார். ஆத்மநாதனைத் தாழ்வாரத்தில் அவன் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிறுத்தி, வழக்குக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். முனிசீப்பும் எழுந்து வாசற்படி வரை வந்து நின்றார். முனியாயி தூண் ஓரமாக நின்றாள்; அன்றைக்கு அவளை அங்கிட்டுப் போ என்று சொல்ல ஆளில்லை.

"அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு. காகிதத்துல உள்ளபடி."

பிரதிவாதி பெயரை எடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "ஆவுடையப்பன்" என்ற சத்தம் மதிலில் முட்டித் திரும்பி வந்தது. தெருவில் போன ஒருவர், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றேவிட்டார். மூன்று தரமும் அப்படியே. ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது வாதி.

ஆத்மநாதன் அடிமுட்டாள் அல்ல. இதையும் அதே மாதிரி கத்திவிட்டால் தான் தப்பித்துவிடலாம், அவள் தொலைந்தாள் என்று அவனுக்குத் தெரியும். கத்துவது என்றுதான் வீட்டிலிருந்தே கிளம்பி வந்திருந்தான். மூச்சை இழுத்தான். காகிதத்தைப் பார்த்தான். அதில் முனியாயி அம்மாள் என்று எழுதியிருந்தது. கோர்ட்டுக் காகிதத்தில் எந்தப் பெண்பிள்ளை பெயர் என்றாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த அம்மாள் என்ற இடத்துக்கு வந்ததும் அவனுக்குத் தன்னையறியாமல் கண் தூண் பக்கம் போயிற்று. அவள் காலில் வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏய் என்று விரட்டியவளை ஊர் கேட்க அம்மாள் என்று கூவுவதா? ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரைக் கத்திய சூடு இன்னும் தொண்டையில் இருக்கிறது.

இழுத்த மூச்சில் பாதி எங்கோ போய்விட்டது. "முனியாயி" என்றான். கோழியை விரட்டுகிற சத்தம்.

"இரண்டாவது" என்றார் முனிசீப்.

மறுபடி நெஞ்சை நிமிர்த்தினான். முகம் சிவந்தது, பாகை நழுவியது. வாய் பெரிதாகத் திறந்துகொண்டது. வெளியே வந்தது "முனி" மட்டும்தான். மூன்றாவது தரம் அதுவும் வரவில்லை, இருமல் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவன் பழக்கிவைத்த தொண்டை, அவனே காலில் விழுந்து கேட்டும் தன் வரிசையை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டது. வெயிலில் நிற்கிற அத்தனை பேரும் அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் ஆகியும் புளியமரத்தடியிலிருந்து யாரும் திரும்பவில்லை. ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

"என்ன கேட்டுச்சு?" என்றார் முனிசீப்.

ராமு கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "முதல் பேரு மூணு தரமும் கணீர்னு கேட்டுச்சுங்க. ரெண்டாவது பேரைக் கூப்பிடுவாருன்னு இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருந்தோமுங்க. கூப்பிட்டாச்சுங்களா?"

எதிர் வக்கீலின் குமாஸ்தாவும் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதையேதான் சொன்னார்.

முனிசீப் ஆத்மநாதன் பக்கம் திரும்பினார். "காகிதத்துல அம்மாள்னு போட்டிருக்கே. அதை ஏன் விட்டே?"

இவன் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட ஆள் கொஞ்சம் பிழைத்திருப்பான். நியாயத்தைச் சொல்கிறோம் என்ற நினைப்பில் நிமிர்ந்து நின்று சொன்னான்.

"அவளுக்கெல்லாம் அம்மாள் போட்டுக் கத்திப் பழக்கமில்லீங்க, எசமான். பெரியவங்க பேருக்கு ஒரு சத்தம் இருக்கு, இதுகளுக்கு ஒரு சத்தம் இருக்கு. எல்லாருக்கும் ஒண்ணாக் கத்துனா கோர்ட்டுக்கு என்னங்க மரியாதை?"

ரெங்கராஜ் உட்கார்ந்துகொண்டார். இனி அவர் பேச என்ன இருக்கிறது. எதிர் வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். தள்ளுபடி ரத்து, வழக்குத் திரும்ப எடுக்கப்படும் என்று உத்தரவாயிற்று.

டவாலியை முனிசீப் வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அவன், நியாயத்துக்காக வேலையை இழந்தவன் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்திருப்பான். இனி எந்தப் பெயரையும் காகிதத்தில் உள்ளபடி முழுக்கக் கூவ வேண்டும். ராமு புளியமரத்தடியில் நின்று, பெயர் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால்தான் ஒரு தரம் என்று கணக்கு. தூக்காவிட்டால் மறுபடி கூவ வேண்டும். இதுதான் புது வழக்கம். முதல் வாரத்தில் ஒவ்வொரு பெயரையும் ஏழு தரம் எட்டுத் தரம் கூவினான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சொர்ணவல்லியிடம் தண்ணீர் கேட்கக்கூடச் சைகைதான்.

"இன்னிக்கு எத்தனை கிரைங்க?" என்று அவள் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விசாரணை மூன்று வாய்தா நடந்தது. இரண்டு கிழவர்களும் சொன்னபடி வந்தார்கள். மதுரைவீரன் மண்வெட்டியோடு நின்றதையும், வரப்பு எந்தக் கல்லில் தொடங்கி எந்தக் கல்லில் முடிந்தது என்பதையும் சொன்னார்கள். ஆனி மாதம் தீர்ப்பு நாள். முனியாயி வேண்டுமென்றே தாழ்வாரத்துக்குப் போகாமல் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

"முனியாயி அம்மாள்" என்று சத்தம் வந்தது. ராமு கையைத் தூக்கினார். முனியாயி அசையவில்லை.

ரெங்கராஜ் தாழ்வாரத்திலிருந்து ஓட்டமாக வந்தார். "ஆத்தா, எந்திரிங்க. கூப்பிடுறாருல்ல, கேக்கலையா?"

"கேக்குதுங்க. மூணு தரம்னுதானே சட்டம். ஒண்ணுதான ஆயிருக்கு."

"வெளையாடாதீங்க ஆத்தா. இத்தனை மாசம் காத்துக் கெடந்தது போயிரும்."

"போகாதுங்க. நீங்க போயி நெழல்ல நில்லுங்க, வாரேன்."

இரண்டாவது தரம் கூவினான். கை உயர்ந்தது. வக்கீலுக்கு வேர்த்து ஊற்றியது. முனியாயி சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மூன்றாவது தரம் அந்த அம்மாள் முழுசாக, இழுப்போடு, கடைவீதி வரை போயிற்று. அப்போதுதான் தடியை ஊன்றி எழுந்தாள். அவசரமில்லாமல் நடந்து, கிணற்றைச் சுற்றி, படியேறி அவன் முன்னால் வந்தாள்.

"ரெண்டாவது கொஞ்சம் எறங்கிப்போச்சுங்க. காலையில சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வயல் அவளுக்கே என்று தீர்ப்பாயிற்று. வரப்பை ஆவுடையப்பன் செலவிலேயே பழைய கல்லிலிருந்து பழைய கல் வரை போட்டுக்கொடுக்க வேண்டும். முனியாயி இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வழக்கு ஜெயித்தவர்கள் போகிறபோது டவாலிக்குச் சந்தோஷமாக, சமஸ்தானத்துச் சில்லறையான அம்மன் காசு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவது அந்தக் கோர்ட்டு வழக்கம். வெட்கம் கெட்ட ஆத்மநாதன் வாசற்படியில்தான் நின்றான். அவள் சுருக்குப்பையை அவிழ்ப்பதைப் பார்த்ததும் அவன் கை பட்டையிலிருந்து தானாக இறங்கி முன்னால் வந்தது. முனியாயி ஒரு வெற்றிலையை எடுத்தாள். காம்பைக் கிள்ளிக் கீழே போட்டாள். மடித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, பத்து மைல் இருக்கிறதே என்று வேகமாக நடையைக் கட்டினாள்.